டீசல் ஊற்றிய திருடன்

அத்தியாயம் 5

ஆரஞ்சு விளக்கு மறுபடியும் எரிந்தது.

வண்டியின் சாவியைத் திருப்பிய அருள்பாண்டி, டாஷ்போர்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். “வந்துட்டாருக்கா மாப்பிள்ளை. கூப்பிடாமலே வர்றவரு, விரட்டினாலும் போகமாட்டாரு.”

கீழே நின்ற வேல்விழி சிரிக்கவில்லை. கையிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு காராச்சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஆர்த்தியைப் பார்த்தாள். “சர்வீஸ்ல சுத்தம் பண்ணி எம்புட்டு நாளாச்சு?”

“போன வாரம்தான் மேடம். இது மூணாவது தடவை. ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணித் தர்றாங்க, ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்துடுது. சென்சார்கூட மாத்தியாச்சு. கடைசியா கோவில்பட்டிப் பக்கம் மேட்டுல வண்டி ஏற மாட்டேன்னு நின்னுடுச்சு. உள்ள குழந்தைங்களோட ஒரு குடும்பம். நடுரோட்டுல, உச்சி வெயில்ல.”

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் தனுஷ்கோடியின் ஒரே மகள் ஆர்த்தி. அப்பாவின் பிரஸ்ஸில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு வெள்ளை டீசல் வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் பொருத்தி, குடும்பங்களைச் சுற்றுலா அனுப்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வரவிருந்தது. இன்னொரு தடவை வண்டி ரோட்டில் நின்றால் அதை விற்றுவிட்டு பிரஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்கிற வழக்கமில்லை.

“யாரோ கெடுக்கறாங்க மேடம். என் சித்தப்பா மகன் தருண்குமாரும் இதே மாதிரி வண்டி விடப்போறான். டேங்க்ல எதையாவது கலந்துவிடறானோன்னு எனக்குச் சந்தேகம்.”

வேல்விழியின் துப்பறியும் அலுவலகம் விருதுநகரில், மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது. வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் தங்கள் கதையைச் சொல்வார்கள். தும்மலுக்கு நடுவே பொய் சொல்வது கஷ்டம் என்பது வேல்விழியின் கணக்கு. அவளுடைய உதவியாள் அருள்பாண்டி, இங்கே சேருவதற்கு முன் ஒரு பஸ் கம்பெனியில் டீசல் மெக்கானிக். மேனேஜரின் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வேலையைத் தொலைத்தவன். வாயால் வேலை போனவனை அந்த வாய்க்காகவே வேலைக்கு வைத்துக்கொண்டவள் வேல்விழி.

“ஏலே அருளு, டேங்க்ல கலப்படமா?”

“இல்லக்கா. டீசலு கங்கை ஜலம் மாதிரி சுத்தம்.” அவன் ஸ்கேனர் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகியிருந்தான். “விஷயம் வேற. புகைக்குழாய்க்கு நடுவுல ஒரு சல்லடை இருக்கு. டீசல் புகையில வர்ற கரியை அது பிடிச்சு வைக்கும். நாலுவழிச் சாலையில வண்டி ஒரே வேகத்துல ஓடுனா, குழாய் சூடேறி அந்தக் கரி தானா எரிஞ்சு போயிரும். ஓடாம நின்ன இடத்துல உறுமிக்கிட்டே இருந்தா சூடு ஏறாது. கரி சேரும், அடைக்கும், விளக்கு எரியும். அதுக்கும் மேல போனா வண்டி ஆமையாயிரும். இப்ப விளக்கோட நிக்குது. இன்னும் ரெண்டு நாளு போனா ஆமைதான்.”

இறங்கி வந்து பானெட்டைத் திறந்தான். ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது.

“ஆயில் குறைஞ்ச வண்டி ஆயிரம் பாத்திருக்கேன். ஆயில் ஊறுற வண்டியை இப்பத்தான் பாக்கேன். வெம்பக்கோட்டை அணையில தண்ணி இல்ல, இதுல ஊத்து இருக்கு.”

வேல்விழி கம்பியை வாங்கி முகர்ந்தாள். “டீசல் வாடை.”

“அதேதான். கரியை எரிக்க வண்டி கொஞ்சம் டீசலைக் கூடுதலாப் பீய்ச்சும். எரிஞ்சு முடியறதுக்குள்ள யாராவது சாவியைத் திருப்பி அணைச்சா, மிச்ச டீசல் வழிஞ்சு ஆயில்ல கலந்துரும். இது பல தடவை பாதியில அணைஞ்ச வண்டி.” ஸ்கேனரின் திரையைத் திருப்பிக் காட்டினான். “இன்ஜின் ஓடின நேரத்தையும் வண்டி போன தூரத்தையும் பாருங்க. சராசரி வேகம் மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்.”

“கன்னியாகுமரி, ராமேஸ்வரம் எல்லாம் போயிட்டு வந்த வண்டி இது!” என்றாள் ஆர்த்தி.

“பாதயாத்திரையாப் போயிருக்கும் மேடம்.”

“ஏலே, சும்மா இரி.” வேல்விழி காராச்சேவு மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அவள் மெல்லுவதை நிறுத்தினால் எதுவோ சிக்கிவிட்டது என்று அருள்பாண்டிக்குத் தெரியும். “ஆர்த்தி, டீசல் கணக்கு யாரு பாக்கா?”

“நானேதான். ட்ரிப் முடிஞ்சு வந்ததும் டீசல் முள் எங்க நிக்கணுமோ அங்கதான் நிக்குது. ஒரு சொட்டு குறைஞ்சதில்ல. டிரைவர் முனியராஜ் அண்ணன் அந்த விஷயத்துல தங்கம்.”

“ட்ரிப் இல்லாத நாளுல வண்டி எங்க நிக்கும்?”

“விஸ்வநத்தத்துல, அவர் வீட்டு வாசல்லதான். எங்க தெருவுல இடமில்ல. சீட்டுக்கு அடியில ஒரு சின்ன டப்பா ஒட்டி வச்சிருக்கேன், வண்டி எங்க இருக்குன்னு போன்ல காட்டும். அங்கயிருந்து ஒரு அடிகூட நகர்ந்ததில்ல. நின்ன இடத்துலதான் நிக்குது.”

“நிக்குதுன்னு காட்டும். இன்ஜின் ஓடுதா இல்லையான்னு காட்டுமா?”

ஆர்த்தி போனை எடுத்துப் பார்த்தாள்.

“காட்டாது,” என்றாள் வேல்விழி. “இந்த வண்டி நின்ன இடத்துல மணிக்கணக்கா உறுமியிருக்கு. உறுமினா டீசல் குறையணும். குறையல. அப்ப என்ன அர்த்தம்?”

“யாரோ ஊத்தியிருக்காக,” என்றான் அருள்பாண்டி மெதுவாக.

“ஊர் உலகத்துல இருக்க திருடன் எல்லாம் டீசலை உறிஞ்சுவான். இவன் ஊத்துறான்.” அவள் பொட்டலத்தை மடித்தாள். “நின்ன இடத்துல இன்ஜினை ஓட விட்டா என்ன கிடைக்கும் அருளு?”

“புகை கிடைக்கும். ஏசி கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் வசவு கிடைக்கும்.”

இருவரும் வண்டிக்குள் ஏறினார்கள். உள்ளே எல்லாம் துடைத்துவைத்தது போலிருந்தது. இடப்பக்கப் படுக்கையின் ரெக்சின் ஓரத்தில் மட்டும் காய்ந்துபோன வெள்ளைத் திட்டு ஒன்று. வேல்விழி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பட்டாசு ஊரில் பிறந்தவளுக்கு வெள்ளையாய் எதைக் கண்டாலும் முதலில் வெடிமருந்து நினைப்புத்தான் வரும். அவள் முகம் மாறியதை அருள்பாண்டி பார்த்தான்.

அந்த நேரம் முனியராஜ் டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தான். நாற்பது வயதிருக்கும். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான்.

“வண்டியை வீட்டுல நிப்பாட்டினா சாவியை என்ன செய்வீக அண்ணே?” என்று வேல்விழி சாதாரணமாகக் கேட்டாள்.

“கழட்டி ஆணியில மாட்டிருவேன்மா,” என்றான் அவன், கேள்வி முடிவதற்குள். கண் ஒரு தடவை அந்த இடப்பக்கப் படுக்கைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அவன் அப்பால் போனதும் வேல்விழி ஆர்த்தியிடம் சொன்னாள். “எப்பவும் போல வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லுங்க. உங்களுக்கு எதுவும் தெரியாது.”

* * *

மறுநாள் மத்தியானம் விஸ்வநத்தத்து டீக்கடைப் பந்தலுக்குக் கீழே அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்னி நட்சத்திரம் இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. கரண்ட் போயிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

தெருக் கோடியில், தகரம் வேய்ந்த வரிசை வீடுகளுக்கு முன்னால் அந்த வெள்ளை வேன் நின்றது. வீட்டு வாசலோடு வேன் கதவு ஒட்டும்படி நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல்களில் திரை. அடியிலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் ஒரு சின்னக் குளம். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“ஆணியில மாட்டின சாவி நல்லாத்தான் வேலை செய்யுது,” என்றான் அருள்பாண்டி.

டீக்கடை குருவம்மாள் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாள். வேல்விழி சும்மா கேட்கிறவள் போலக் கேட்டாள். “அந்த வண்டி எந்நேரமும் இப்படித்தான் ஓடிக்கிட்டுக் கெடக்குமா?”

“முனியராஜ் வண்டியா? வெளியூருக்குப் போகாத நாளுன்னா மத்தியானம் இப்படித்தான். வெயிலு ஏறுனதுல இருந்து.”

“உள்ள யாரு?”

“அவன் பொண்டாட்டி பாண்டிச்செல்வியும், அவ தங்கச்சி மாரிச்செல்வியும். கதவை அடைச்சுக்கிட்டு மருந்து போடுவாக. இந்த வெக்கையில வீட்டுல வச்சுப் போட முடியுமா? அதான் ஏசியில.”

அருள்பாண்டி கையிலிருந்த கிளாஸ் நின்றது.

“வெளிய யாருக்கும் தெரியாதோ?” என்றாள் வேல்விழி. குரல் மாறவில்லை.

“முதலாளியம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வண்டியைப் புடுங்கிருவாகள்ல? நாங்க ஏன் சொல்லப்போறோம். பாவம், அந்தத் தங்கச்சிக்காரி வெளிய வர்றப்ப கையி ரெண்டும் வெள்ளை வெளேர்னு இருக்கும்.” குருவம்மாள் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டாள்.

அந்த வட்டாரத்தில் மருந்து என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்கமாட்டார்கள். வெடிக்குள் அடைக்கிற கலவைக்கு அங்கே அதுதான் பெயர். லைசென்ஸ் இல்லாத கொட்டகைகளை அதிகாரிகள் தேடித்தேடிப் பூட்டி சீல் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

“கொட்டகைன்னா சீல் வச்சிருவாக,” என்றாள் வேல்விழி. “சக்கரம் வச்ச கொட்டகையை யாரு தேடுவா?”

“அக்கா.” அருள்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். “அந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்குல்ல. கரியை எரிக்கணும்னு வண்டி துடிச்சுக்கிட்டு இருக்கு. எப்ப ஆரம்பிக்கும்னு அதுக்குத்தான் தெரியும். ஆரம்பிச்சா அந்தக் குழாய் அறுநூறு டிகிரிக்குப் போகும். குழாய்க்கு மேல தரை. தரைக்கு மேல மருந்து.”

இந்தத் தடவை அவன் வேடிக்கையாக எதையும் சேர்க்கவில்லை.

வேல்விழி போனை எடுத்து ஆர்த்தியைக் கூப்பிட்டாள். “உடனே கிளம்பி விஸ்வநத்தம் வாங்க. வண்டிக்குள்ள மருந்து வேலை நடக்குது.” அவள் பேசி முடிப்பதற்குள் அருள்பாண்டி ஓடத் தொடங்கிவிட்டான்.

“ஓடுங்க! வண்டிக்குள்ள மருந்து! எல்லாரும் வெளிய ஓடுங்க!”

அந்தத் தெருவுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏன், எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, முழங்கால் வலிக்காரர்கள்கூட வெட்டவெளியைப் பார்த்து ஓடினார்கள். ஓட்டத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அருள்பாண்டி வண்டிக்கும் வாசலுக்கும் இடையே இருந்த சந்தில் நுழைந்து, கதவைப் பிடித்து ஒரே இழுப்பில் திறந்தான்.

குளிர் முகத்தில் அடித்தது.

இடப்பக்கப் படுக்கையில் ஒரு பெண் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் துணியில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், பிறகு இரண்டு தோள்களிலும், சூட்டில் உருகி மறுபடி இறுகிய ரெக்சின் போலத் தோல் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இளம்பெண் ஒருத்தி, மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைக் களிம்போடு, அப்படியே உறைந்து அவனைப் பார்த்தாள். மடியில் ஆஸ்பத்திரி டப்பா. வெடியுமில்லை, திரியுமில்லை.

படுத்திருந்தவள் தலையைத் திருப்பவில்லை. கூச்சல் போடவுமில்லை.

“கதவைச் சாத்துங்க,” என்றாள். “குளிரு போயிரும்.”

அவன் சாத்தினான். ஆனால் அதற்குள், ஓடியவர்களில் பாதிப்பேர் ஒன்றும் வெடிக்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு சேலையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்ளாமல் அவளை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. இன்று பார்த்துவிட்டது.

குருவம்மாள் மூச்சிரைக்க வந்தாள். “என்ன எளவைடா கத்துன? மருந்துன்னா புண்ணுக்குப் போடற மருந்துடா! நான் என்னத்த சொன்னேன், நீ என்னத்த விளங்கிக்கிட்ட?”

அருள்பாண்டி வேல்விழியைப் பார்த்தான். அவள் போனைக் கையில் பிடித்தபடி தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. வழி கேட்க வந்து வேறு ஊரில் இறங்கிவிட்டவளைப் போல நின்றாள்.

* * *

முனியராஜ் தெரு முனையிலிருந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்து நடை தளர்ந்தது. அவன் கையில் ஐந்து லிட்டர் கேன். அதற்குள் டீசல்.

வேல்விழியின் முன்னால் வந்து கேனைக் கீழே வைத்தான். “ஆணியில மாட்டிருவேன்னு சொன்னது பொய்தாம்மா,” என்றான்.

“அவுகளுக்கு என்ன ஆச்சு?”

“ரெண்டு வருசத்துக்கு முந்தி, தீபாவளி சீசன்ல பட்டாசு ஆலையில வெடிச்சிருச்சு. கூட இருந்த நாலு பேரு போயிட்டாக. இவ மட்டும் பிழைச்சா. தொடையில இருந்து தோலை எடுத்து வச்சுத் தச்சாக.” அவன் வேன் கதவைப் பார்த்தபடியே பேசினான். “வச்ச தோலு வேர்க்காதும்மா. நமக்கெல்லாம் வேர்த்துக் குளிருது. இவளுக்கு சூடு உள்ளேயே நிக்கும். இந்தத் தகரத்துக்குக் கீழ மத்தியானம் கெடந்தா காய்ச்சல் மாதிரி கொதிச்சுப் பினாத்துவா. பங்குனியில ஒருநாள் நினைவு தப்பிருச்சு. தண்ணியை ஊத்தி ஊத்திப் பாத்தோம். அப்புறம்தான் வண்டியில தூக்கிப் போட்டு ஏசியைப் போட்டேன். அரை மணி நேரத்துல கண்ணு முழிச்சா.”

“வீட்டுக்கு ஒரு ஏசி…” என்று அருள்பாண்டி ஆரம்பித்தான்.

“பழசு ஒண்ணு வாங்கி மாட்டினேன் தம்பி. அதைப் போட்டா வரிசை வீடு அம்புட்டுக்கும் லைட்டு மங்கிரும். வீட்டுக்காரரு கழட்டச் சொல்லிட்டாரு. இருந்தாலும்தான் என்ன, மத்தியானம் கரண்டு எங்க இருக்கு?”

“ஜெனரேட்டர்?”

“அக்கம்பக்கத்துல எல்லாம் பட்டாசு குடோனுதானே தம்பி. இங்கன பொறி பறக்கிற எதையும் வைக்க விடமாட்டாக.”

அருள்பாண்டி டீசல் கேனை எடுத்து வெயில் படாத இடத்தில் வைத்தான்.

ஆர்த்தியின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மருந்து என்று கேட்டு ஓடி வந்தவளுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. வேல்விழி அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், தான் தவறாக நினைத்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆர்த்தி வேன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சாத்தினாள்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே,” என்றாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?”

“தந்திருப்பீகம்மா,” என்றான் முனியராஜ். “ஒரு நாளு தந்திருப்பீக. ரெண்டு நாளு தந்திருப்பீக. இவளுக்கு வெயில்காலம் பூராவும் வேணும்.”

ஆர்த்தி அருள்பாண்டியின் பக்கம் திரும்பினாள். “இப்படி ஓட்டினாலும் கெட்டுப் போகாம இருக்க வழி எதுவும் இல்லையா?”

“நின்ன இடத்துல ஓடினா சல்லடை அடைக்கத்தான் செய்யும் மேடம். எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் ஒரு வாரம். அந்த ஆயில் வேற நீர்த்துப் போச்சு. இப்படியே விட்டா இன்ஜினே போயிரும். அப்புறம் யாருக்கும் வண்டி இல்ல.”

வேன் உறுமிக்கொண்டே இருந்தது. அடியில் சொட்டிய தண்ணீரை ஒரு கோழி குடித்துக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை ட்ரிப் இருக்கு,” என்றாள் ஆர்த்தி, யாரையும் பார்க்காமல். “இது நின்னா அப்பா வித்துடுவார். அப்ப உங்க வேலையும் சேர்ந்துதான் போகும். இன்னிக்கு சாயங்காலத்துல இருந்து வண்டி பிரஸ் காம்பவுண்டுலயே நிக்கட்டும் அண்ணே. சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

“சரிம்மா.”

அவன் வாதாடியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துப்பு துலங்கிவிட்டது. கட்சிக்காரி கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கெடுத்தவன் யார், எப்படிக் கெடுத்தான், இனி எப்படித் தடுப்பது, எல்லாமே தெரிந்துவிட்டது. வேல்விழி அந்தக் காராச்சேவுப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து, பிரிக்காமலே மறுபடி உள்ளே வைத்தாள்.

“சேந்திருக்க கரியை இன்னிக்கே எரிச்சாகணும்,” என்றாள். “நாலுவழிச் சாலையில ஓட்டணும். அப்படித்தானே அருளு?”

“ஆமக்கா. சாத்தூர் போய் ரோட்டுல ஏறி, எழுபதுக்குக் குறையாம.”

“உள்ள இருக்கறவுக உள்ளயே இருக்கட்டும், ஆர்த்தி. எப்படியும் ஓடப்போற வண்டிதானே.”

ஆர்த்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

* * *

முனியராஜ் ஓட்டினான். அருள்பாண்டி இடப்பக்க முன் சீட்டில், மடியில் ஸ்கேனரோடு. அக்காவும் தங்கையும் பின்னால். ஆர்த்தியின் கார் வேல்விழியோடு பின்தொடர்ந்தது.

சாத்தூரில் ஏறும்போது மாரிச்செல்வி இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணாடியில் அருள்பாண்டி பார்த்தான்: பாண்டிச்செல்வியும் கையைத் தூக்கினாள். தோல் இறுகிய விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

நாலுவழிச் சாலையில் வண்டி தெற்கே பார்த்து வேகம் பிடித்தது. ஸ்கேனரில் குழாயின் சூடு ஏறத் தொடங்கியது. ஐந்நூறைத் தொட்டது, தாண்டியது. கரியின் அளவு இறங்கியது. பிறந்ததிலிருந்து அந்த வண்டி இதற்காகத்தான் காத்திருந்தது போல, இழுப்பில் ஒரு சுகம் தெரிந்தது.

பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. பாண்டிச்செல்வி தங்கையிடம் ஏதோ சொன்னாள், தங்கை சிரித்தாள். அக்கா திரையை விலக்கச் சொல்லிக் கேட்டாள். கரிசல் காடும், நடுவே ஒற்றை வேலமரமும், தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் ஒன்றும் ஜன்னலில் ஓடின. கிழக்கு ஜன்னல். அந்தப் பக்கம் வெயில் இல்லை.

வேகம் குறைவதை அருள்பாண்டி காலடியில் உணர்ந்தான். எழுபது, அறுபது, ஐம்பது. முனியராஜ் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேகத்தில் கரி எரிவது நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். எரிந்து முடிந்தால் திரும்ப வேண்டும் என்றும் தெரியும்.

“அண்ணே, எழுபதுல போங்க,” என்று சொல்லியிருக்க வேண்டும். அருள்பாண்டி சொல்லவில்லை.

ஆனால் அந்த எந்திரம் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது. கோவில்பட்டி மேட்டில், போன தடவை நின்றுபோன அதே மேட்டில், முனியராஜ் மிதிக்கத்தான் வேண்டியிருந்தது. ஏறி முடித்ததும் ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

இருவரும் பார்த்தார்கள்.

போன் அடித்தது. ஆர்த்தி. “விளக்கு அணைஞ்சிடுச்சா? எவ்வளவு தூரம் போகணும் இன்னும்?”

“இன்னும் அணையல மேடம்,” என்றான் அருள்பாண்டி. “கரி கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சிருக்கு. இன்னும் போகணும்.”

எதிர்முனையில் போன் கை மாறியது. வேல்விழியின் குரல். “கயத்தாறு வரைக்கும் போகணுமோ?”

“ஆமக்கா.”

“சரி, போ,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனார்கள். கோவில்பட்டி பின்னால் போனது. முனியராஜ் ஒரு தடவை மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தான். நன்றி என்று அதைச் சொல்ல முடியாது. பின்னால் பேச்சு நின்று, பாண்டிச்செல்வி தூங்கிப் போயிருந்தாள்.

கயத்தாறு விலக்கில் டீசல் முள் சாய்ந்திருந்தது. முனியராஜ் இண்டிகேட்டரைப் போட்டான். வேகத்தைக் குறைத்து, பாலத்துக்குக் கீழே மெல்லத் திரும்பி, குலுங்காமல், மறுபக்கம் ஏறினான். ஆர்த்தியின் காரும் திரும்பியது.

வண்டி வடக்கே பார்த்து ஓடத் தொடங்கியதும் சாயங்கால வெயில் இடப்பக்க ஜன்னல் வழியாக முழுசாக உள்ளே விழுந்தது. அருள்பாண்டியின் முழங்கை சுட்டது. பின்னால் படுக்கையில் அசைவு கேட்டது.

“மாரி,” என்றாள் பாண்டிச்செல்வி, தூக்கக் கலக்கத்தில். “திரும்பிட்டமா?”

முனியராஜ் ஏசியை ஒரு படி கூட்டினான்.

மாரிச்செல்வி எழுந்து திரையை இழுத்துவிட்டாள்.